வாரேன் என்று போனவர்கள்

நெடுங்கரை தேரடி பஜாரில் யாரும் யாரிடமும் ‘போறேன்’ என்று சொன்னதில்லை. பீடிக்கட்டு வாங்க வந்தவனும் ‘வாரேன்’ என்றுதான் கிளம்புவான், சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவனும் ‘வாரேன்’ என்றுதான் படியிறங்குவான், இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்களோ அந்தச் சொல்லை எல்லோரையும்விட இனிப்பாகச் சொல்வார்கள். தங்கக்கண் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் ஒரு அடுக்கு சேலையையும் உதறிப்போடச் சொல்லி, ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, வாங்கிக்கொடுத்த கலர் சோடாவையும் குடித்துவிட்டு, ‘ஒரு சுத்து சுத்திட்டு வாரோம் அண்ணாச்சி’ என்று இறங்குகிற குடும்பம் எந்தச் சுற்றில் மாட்டிக்கொள்ளுமோ, திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. அண்ணாச்சி அதற்காகக் கோபப்பட்டதும் இல்லை. போகிற வாய் மங்கலமாகச் சொல்லிக்கொண்டு போகிறது, இருக்கிற வாய் ‘போய்ட்டு வாங்க’ என்று மங்கலமாக அனுப்பிவைக்கிறது, இதில் கணக்குப் பார்க்க என்ன இருக்கிறது என்பார்.

அண்ணாச்சி கடைக்கு எதிர்த்தாற்போல் கொழுந்து பாத்திரக்கடை. அதை நடத்திய திருமலைக்கொழுந்து பேசியே விற்கிற ஆள், தண்ணீர்ச் செம்பு கேட்டு வந்தவள் தலையில் அண்டாவை ஏற்றி அனுப்பிவிடுவார், அவளும் சிரித்துக்கொண்டே சுமந்து போவாள். அவர் மனைவிக்கு அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் பேச்சி, பெயர்தான் பேச்சி, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவள்போல இருப்பாள். கடையின் பின்மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பாத்திரங்களில் பேர் வெட்டுவது அவள் வேலை. டர்ர் என்று இரைகிற சின்ன மிஷினைப் பேனாவைப்போலப் பிடித்து, வாங்கியவர் பெயரோ கல்யாணப் பெண்ணின் பெயரோ எதுவானாலும் கோணாமல் வெட்டுவாள். பேர் வெட்டாத பாத்திரம் நம் பக்கத்தில் யாருக்கும் சொந்தமில்லை, அடுத்த வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோனால் அங்கேயே தங்கிவிடும். கல்லாவுக்கு மேலே கொழுந்து தன் கையால் எழுதி மாட்டிய ஒரு போர்டு தொங்கும்: ‘பெயர் வெட்டிய பாத்திரம் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.’ யாராவது மனசு மாறிப் பாத்திரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் அவர் மறுத்துப் பேசமாட்டார், பாத்திரத்தைக் கவிழ்த்து வெட்டிய எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘பேர் விழுந்துட்டுல்லா தாயி, இனி அது ஒங்களுது’ என்று கும்பிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

ஒரு ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்த காலையில், கொழுந்து பட்டறைக்குப் போய்க் குத்துவிளக்கு எடுத்துவரக் கிளம்பினார். ‘மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவேன், வாரேன்’ என்றார். பேச்சி ஒரு நீளமான பேரை வெட்டிக்கொண்டிருந்தாள், மிஷின் இரைந்தது, நிமிராமலே தலையை ஆட்டினாள். பச்சையோடைத் தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்காலளவுதான் ஓடுகிறது என்று நம்பி மொபெட்டை இறக்கியிருக்கிறார். சாயங்காலம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விதி என்றார்கள், ஓடை என்றார்கள், பாலம் கட்டாத ஆபீசர்களை ஏசினார்கள். பேச்சிக்கு மட்டும் வேறொரு காரணம் தெரியும், அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ‘வாரேன்’ என்றவருக்கு அவள் ‘போய்ட்டு வாங்க’ சொல்லவில்லை. ஊரில் எல்லோருக்கும் எல்லோரும் சொல்கிற அந்த ஒற்றை வாக்கியம் அன்றைக்கு அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது, நெஞ்சில் முள்ளாக அது அங்கேயே கிடந்தது.

அதன்பிறகு கடை ஊமையாகிவிட்டது. வருகிறவர்கள் பாத்திரத்தைப் பார்ப்பார்கள், பேச்சியைப் பார்ப்பார்கள், பேச்சி அவர்களைப் பார்ப்பாள், கொஞ்ச நேரத்தில் ‘வாரேன்க்கா’ என்று இறங்கிவிடுவார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவரும் தங்கக்கண் அண்ணாச்சிதான், அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, செல்லம் மகாலில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குப் பேச்சுத்திறனும் விற்பனைத்திறனும் சொல்லித்தர ஒரு சார் வருகிறார், இலவசம், சாப்பாடும் உண்டு என்று அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வந்த சாரின் பெயர் மார்க்கசகாயம். மார்க்கெட்டிங் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான பெயர் உலகத்தில் கிடைக்காது என்று வாடகைச் சைக்கிள்கடைக்காரர் அங்கேயே சொல்லிச் சிரித்தார்.

மார்க்கசகாயம் நல்ல மனுஷன், தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொடுத்தார். வந்தவர் கண்ணைப் பார்க்கவேண்டும், ‘என்ன வேணும்’ என்று கேட்காமல் ‘யாருக்கு வேணும்’ என்று கேட்கவேண்டும், இல்லை என்ற சொல்லைக் கடைவாசலில் கழற்றிவிட்டு வரவேண்டும். கடைசியில் ஒரு பயிற்சி வைத்தார். உங்கள் கடைக்கு வந்து, பார்த்து, வாங்காமல் போனவர்களை மனசில் நிறுத்துங்கள், அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், மனசாரக் கூப்பிடுங்கள் என்றார். கோயில் கொடைத் திருவிழாவுக்காக மகாலின் உச்சியிலும் தேரடியிலும் ஓடைக்கரை வரைக்கும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களை மைக்செட்காரர் அணைக்க மறந்திருந்தார். பேச்சியின் முறை வந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற நேரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிறகு, வருஷக்கணக்காக அடைத்துக் கிடந்த மதகு திறந்துகொண்டதுபோல ஒரு குரல் வந்தது.

“வாரேன்னு சொல்லிட்டுப் போனீகள்லா. எல்லாரும் வாங்க.”

ஊர் முழுக்கக் கேட்டது. மார்க்கசகாயம் கைதட்டிவிட்டு, ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். எல்லாரும் என்று சொல்லக்கூடாதம்மா, யாரைக் கூப்பிடுகிறோம் என்று நமக்கு முதலில் தெரிந்திருக்கவேண்டும் என்றார்.

மறுநாளிலிருந்து வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள், அதனால் பஜார் சந்தோஷப்பட்டது. பம்பாயில் பேரப்பிள்ளைகளோடு இருந்த ஒருவர் வேட்டியோடு ரயிலேறி வந்து, எப்போதோ விலை கேட்டுவிட்டுப் போன இட்லிக்கொப்பரையை வாங்கிக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தேரடியில் உட்கார்ந்து விழித்தார். அண்ணாச்சி கடையில், கொண்டை நரைத்த ஒரு பெண் கல்யாணத்துக்கு முன்னால் பார்த்துவைத்த தாவணியைக் கேட்டு நின்றாள். பயிற்சி வேலைசெய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு மத்தியானம், சித்திரை வெயிலில் தார் ஒட்டுகிற நேரத்தில், புஷ்பத்தாய் டீச்சர் பேச்சியின் கடைப்படியேறி, தண்ணீர் சொட்டச் சொட்டக் குடையை மடக்கினாள். டீச்சர் காலமாகி வெகுகாலம். அவளைச் சுற்றி ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் மழைக்குளிர் இருந்தது, மண்வாசனைகூட இருந்தது. முன்பு ஒரு மழைநாளில் விலை கேட்டுவிட்டுப் போன, மூக்கு நீண்ட கூஜாவைக் காட்டி, அன்றைக்குச் சொன்ன விலைக்கே தருவீர்களா என்று கேட்டாள்.

பேச்சி பயப்படவில்லை, பயப்படத் தோன்றவில்லை என்பதே சரி. கண்ணைப் பார்த்து, ‘யாருக்கு டீச்சர்?’ என்று கேட்டாள். எனக்குத்தான் என்றாள் டீச்சர். பழைய விலைக்கே கொடுத்து, வழக்கம்போலப் பேரையும் வெட்டிக் கொடுத்தாள். டீச்சர் பேரைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகி, குடையை விரித்து, காய்ந்த ரோட்டில் நனைந்துகொண்டே போனாள்.

அதன்பிறகு வருகிறவர்களைத் தடுக்க முடியவில்லை. ஒவ்வொருவரும் ‘வாரேன்’ என்று சொல்லிப் போன நாளின் வானிலையோடு வந்தார்கள். ஒருவர் மார்கழிப் பனியில் விறைத்த காதோடு வந்தார், ஒருத்தி தலைமுடியில் தீபாவளிப் புகை மணக்க வந்தாள், எதிர்க்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்து, பட்டுவேட்டியை இடுப்பில் வைத்துப் பார்த்தான். நாய்கள் குரைக்கவில்லை, எழுந்து ஒதுங்கி வழிவிட்டன. சங்கம் கூடியது. பூசாரியைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, வந்திருப்பது வாடிக்கையாளர், பூசாரிக்கு இங்கே என்ன வேலை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அவர்களிடம் ‘எப்ப வந்தீக’ என்று கேட்கக்கூடாது, காலைப் பார்க்கக்கூடாது, பழைய விலையில் பிசகக்கூடாது என்று பேசி முடித்துக் கலைந்தார்கள். டீக்கடைக்காரர் அவர்களுக்கும் கிளாஸ் வைத்தார், டீ குறையாமல் ஆறிப்போகும், அதை எடுத்துச் செடிக்கு ஊற்றுவார். செத்தவர்களின் பிள்ளைகள் வெளியூர்களிலிருந்து வந்து கடைகளுக்கு எதிரே பெஞ்சு போட்டுக் காத்திருந்தார்கள், காத்திருப்பவர்களுக்கு முறுக்கு விற்க ஆள் வந்தது. ஆனால் வந்தவர்கள் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. ஒரு மகள் அம்மா என்று முகத்துக்கு நேரே போய் நின்றபோது, அந்த அம்மாள் மகளின் தோளைத் தாண்டி அலமாரியிலிருந்த சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதை வாங்க வாரேன் என்று சொன்னார்களோ அது மட்டுந்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அதைப் பார்த்தபிறகு பெஞ்சுகளில் அழுகைச் சத்தம் அடங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் பஜாருக்கு வேறொரு தொந்தரவு முளைத்தது. வாங்கிப் போனவர்களும் படியிறங்கும்போது பழக்கத்தில் ‘வாரேன்’ என்றார்கள், சொன்னபடி மறுநாளும் வந்தார்கள். உயிரோடிருந்தவர்களுக்குப் பயம் பிடித்தது. தாய்மார்கள் பள்ளிக்கூடம் கிளம்புகிற பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், பெரியவர்கள் கல்யாண வீட்டிலிருந்து கையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினார்கள். அண்ணாச்சி மூச்சிரைக்கப் பேச்சியிடம் வந்தார்.

“பேச்சி, ஏங்கடைக்கு வாரவுக சேலையைக் குடுத்தனுப்பினாலும் மறுநா வந்து நிக்காக. ஒங்கிட்ட பாத்திரம் வாங்கிட்டுப் போனவுக ஒருத்தரும் மறுபடி வரக்காணோம். நீ என்ன செய்யுத?”

அதுவரை அவள் யோசித்ததில்லை. யோசித்தபோது போர்டுதான் கண்ணில் பட்டது. “பேர் வெட்டிக் குடுக்கேன் அண்ணாச்சி. வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

அன்றே பஜார் முழுக்கப் பேர் விழுந்தது. அண்ணாச்சி கடையில் சேலை முந்தியின் ஓரத்தில் பேர் தைத்தார்கள், செருப்புக்கடையில் தோலில் சுட்டார்கள், வளையல்கடைக்காரர் பெட்டியின் மேல் எழுதிக் கொடுத்தார். பேர் விழுந்த பொருளைக் கையில் வாங்கியவர்கள் அதைத் தடவிப் பார்த்தார்கள், வாய்க்குப் பழக்கமில்லாத ஒரு சொல்லைத் தேடுவதுபோலத் திணறினார்கள், பிறகு ‘போறேன்’ என்றார்கள். அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது டீக்கடைக்காரருக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. அதைச் சொன்னவர்கள் பிறகு வரவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முந்தியே ஒருவர் வந்துகொண்டிருந்தார், அவருக்குப் பேர் விழவில்லை. புஷ்பத்தாய் டீச்சர் வந்து போன மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திருமலைக்கொழுந்து கடைக்குள் வந்தார். வேட்டிக் கரை மட்டும் நனைந்திருந்தது. பின்மூலையில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பேச்சி அவர் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டைக் கழுவி, தூக்குவாளியிலிருந்த சோற்றைப் போட்டாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சோறு குறையவில்லை, ஓடைத் தண்ணீரில் ஊறிக் கரைந்தது. எழுந்து கைகழுவி, ‘வாரேன்’ என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்கு மூன்று உலகமும் திரும்பக் கிடைத்துவிட்டது. இத்தனை காலம் முள்ளாகக் கிடந்ததைப் பிடுங்கி எடுத்து, “போய்ட்டு வாங்க” என்றாள்.

வந்தார். தினமும் வந்தார். பேச்சி அவருக்குப் பிடித்த கத்திரிக்காய்ப் புளிக்கூட்டு வைத்தாள், தலைக்குப் பூ வைத்துக்கொண்டாள், ஊரார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்றிருந்தாள். அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. வருகிறவர்களிடம் பேசினாள், சிரித்தாள், செம்பு கேட்டவள் தலையில் அண்டாவை ஏற்றினாள், வியாபாரம் அவர் இருந்த காலத்தைப்போல நடந்தது. மற்றவர்களுக்கு மருந்து சொன்னவள் தன் வீட்டுக்காரருக்கு அதைத் தொடவே இல்லை. அண்ணாச்சியும் எதிர்க்கடையிலிருந்து பார்த்தார், பார்த்துவிட்டுச் சேலை மடிக்கத் திரும்பிக்கொண்டார்.

தண்ணீர்தான் ஏறிக்கொண்டிருந்தது. வேட்டிக் கரையில் இருந்த ஈரம் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் சேறு நின்றது. ஒருநாள் சட்டைப்பையிலிருந்து ஓர் அயிரைமீன் விழுந்து தரையில் துடித்தது, பேச்சி அதை ஒரு செம்பில் எடுத்து விட்டுவைத்தாள். நெஞ்சளவு வந்தபோது அவர் நேரம் கழித்து வந்தார், மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்திருந்தது, ‘வாரேன்’ என்ற சொல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல உடைந்து வந்தது. அப்போதுதான் பேச்சிக்குப் புரிந்தது. இங்கே வருகிற வழி அந்தத் தரைப்பாலம் ஒன்றுதான், அவள் ‘போய்ட்டு வாங்க’ என்று அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் அவர் அதில்தான் இறங்குகிறார். அவர் செத்த இடத்திலிருந்து வரவில்லை, தினமும் செத்துச் செத்து வருகிறார்.

அந்த வாரம் மார்க்கசகாயம் நெடுங்கரைக்கு வந்தார். போன வாடிக்கையாளர் எல்லாம் திரும்பி வருகிற பஜார் என்று மற்ற ஊர்ப் பயிற்சிகளில் சொல்லியிருக்கிறாராம், பேச்சியம்மா மேடைக்கு வந்து எப்படிக் கூப்பிட்டோம் என்று நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார். பேச்சி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, கூப்பிடச் சொல்லித் தந்தீர்கள் சார், வரவேண்டாம் என்று ஒருத்தரிடம் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவர் மோரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

“அது பாடத்துல இல்லம்மா. அதைக் கேட்டு யாரும் பயிற்சிக்கு வந்ததில்ல” என்றார்.

அன்று மத்தியானம் கொழுந்து வந்தபோது தண்ணீர் கழுத்தைத் தொட்டிருந்தது. உட்கார்ந்து தட்டுக்காகக் காத்திருந்தார். பேச்சி சோறு போடவில்லை. தட்டைத் துடைத்து மடியில் வைத்து, மிஷினை எடுத்தாள். டர்ர் என்று அது இரைந்ததும், அந்த ஐப்பசிக் காலை அப்படியே கடைக்குள் வந்து நின்றது. எழுத எழுத அழுதாள். திருமலைக்கொழுந்து என்பது நீளமான பேர், தி போட்டு ரு போட்டு ம போடுவதற்குள் கை நூறு தரம் நின்றது, இதோடு விட்டுவிடலாமா, பாதிப் பேரில் பாதி மனுஷனாவது மிச்சமிருப்பானா என்று மனசு பேரம் பேசியது. எதிரே அவர் கழுத்தைத் தாண்டித் தாடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தாள். கடைசி எழுத்தையும் வெட்டி முடித்து, இந்தத் தடவை நிமிர்ந்து, தட்டைக் கவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“பேர் விழுந்துட்டுங்க” என்றாள். “இனி திரும்ப எடுக்கது இல்ல.”

கொழுந்து எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். ஒவ்வொரு எழுத்தாகப் போய்க் கடைசி எழுத்தில் விரல் நின்றது. தலையைத் தூக்கிக் கல்லாவுக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார், பிறகு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தார். தலையிலிருந்த பூவைப் பார்த்தார். தன் சரக்கைத் தன் தலையிலேயே கட்டிவிட்டாளே என்பதுபோல அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஏட்டி, நல்லா யாவாரம் படிச்சுட்ட” என்றார். அவர் குரல் காய்ந்திருந்தது. தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பினார். “அப்போ போறேன்.”

அவள் தொண்டைக்குள் அந்தப் பழைய வாக்கியம் முழுசாக எழும்பி வந்தது. அதன் பின்பாதியை விழுங்கினாள்.

“போங்க” என்றாள்.

அவர் போனார். தரையில் ஈரம் இல்லை, சேறும் இல்லை, செம்பில் கிடந்த மீன் மட்டும் இருந்தது, அதைச் சாயங்காலம் ஓடையில் விட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் ஒரு புதுப்பெண் கடைக்கு வந்தாள், ஒரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், விலை கேட்டாள், கீழே வைத்தாள். ‘சுத்திப் பாத்துட்டு வாரேன்க்கா’ என்று பாதி சொல்லிவிட்டு, ஊர் நிலவரம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவள் கண்ணைப் பார்த்தாள். முந்தின ராத்திரி முழுக்க அழுத முகம், சிரிக்கத்தான் செய்தது.

“வாங்கம்மா” என்றாள். “ஆனா இருக்கும்போதே வந்துருங்க.”

அந்தப் பெண் படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாகக் கொஞ்சம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, தட்டை எடுத்துப் பேர் வெட்டக் கொடுத்தாள்.